வாசல் தெருவில், கிணறு கொல்லையில்: அஸூர் ஆப் சர்வீஸைத் தனி நெட்வொர்க்குடன் இணைத்தல்

ஆர்டர் எடுக்கும் வெப் ஆப் ஒன்றை எழுதி, மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் வெப் ஆப்புகளை ஓட்டித் தரும் ஆப் சர்வீஸில் ஏற்றிவிட்டீர்கள். பிரவுசரில் திறக்கிறது, லாகின் ஆகிறது, டேட்டாபேஸில் பதிவும் விழுகிறது. ஒருநாள் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வருகிறது: "உங்க டேட்டாபேஸ் இன்டர்நெட்ல திறந்தா இருக்கு?" போய்ப் பார்த்தால், ஆமாம், திறந்துதான் இருக்கிறது. டேட்டாபேஸுக்குப் பொது முகவரி உண்டு. ஃபயர்வால் பக்கத்தில் அஸூர் சேவைகளை அனுமதிக்கும் பெட்டியில் டிக் விழுந்திருக்கிறது. உங்கள் ஆப்புக்காகப் போட்ட டிக்தான் அது. ஆனால் அஸூரில் வேறு யாரோ வைத்திருக்கும் ஆப்பும் அதே டிக்கின் தயவில் உங்கள் டேட்டாபேஸின் கதவு வரை வர முடியும். அதற்குப் பிறகு நடுவில் நிற்பது பாஸ்வேர்டு ஒன்றுதான்.

இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால், டேட்டாபேஸைத் தனி நெட்வொர்க்குக்குள் கொண்டுவர வேண்டும், வெப் ஆப்புக்கு அந்த நெட்வொர்க்குக்குள் போக வழி போட வேண்டும், கடைசியாகப் பொது வாசலை மூட வேண்டும். முதல்முறை செய்பவருக்கு ஒரு நாள் வேலை. போர்ட்டலில் அழுத்த வேண்டிய பட்டன்கள் என்னவோ குறைவுதான். எந்த வரிசையில் செய்வது, ஒவ்வொரு படியும் பலித்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது, இந்த இரண்டில்தான் நேரம் போகும். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் திசையைப் புரிந்துகொள்ளுங்கள்

அஸூரில் தனி நெட்வொர்க்குக்கு வர்ச்சுவல் நெட்வொர்க் என்று பெயர். வேலையிடத்தில் எல்லோரும் வீநெட் என்றுதான் சொல்வோம். ஆப் சர்வீஸை அதோடு சேர்க்கும் வசதிக்குப் பெயர் வீநெட் இன்டக்ரேஷன். பெயரைக் கேட்டால் ஆப்பே நெட்வொர்க்குக்குள் குடிபோய்விடும் என்று தோன்றும். அப்படி இல்லை.

ஆப் சர்வீஸைத் தெருவைப் பார்த்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் யாரும் வந்து கூப்பிடலாம். இன்டக்ரேஷன் செய்வது கொல்லைப்பக்கம் ஒரு கதவு வைப்பதைப் போல. வீட்டிலிருப்பவர் அந்தக் கதவைத் திறந்துபோய்க் கிணற்றில் தண்ணீர் எடுத்து வரலாம். கிணற்றடியில் நிற்பவர் அதே கதவு வழியாக வீட்டுக்குள் வர முடியாது. தெரு வாசலும் முன்பு இருந்தபடியே திறந்திருக்கும்.

அதாவது இன்டக்ரேஷன் என்பது ஆப்பிலிருந்து வெளியே போகும் அழைப்புகளுக்கு மட்டும். "இன்டக்ரேஷன் போட்டாச்சு, ஆனா ஆப் இன்னும் வெளியிலிருந்து திறக்குதே" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். திறக்கத்தான் செய்யும். உள்ளே வரும் போக்குவரத்தைத் தனியாக்குவது வேறு வேலை. அதற்கு வேறு கருவி இருக்கிறது. அதைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கைவைக்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் ஆப் சர்வீஸ் பிளான், அதாவது ஆப் ஓடும் மெஷின்களுக்காக நீங்கள் எடுத்த தொகுப்பு, எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ரீ, ஷேர்டு என்ற இரண்டு அடுக்குகளிலும் இன்டக்ரேஷன் கிடையாது. பேசிக் முதல் மேலே உள்ளவற்றில் உண்டு.

அடுத்தது ரீஜன், அதாவது அஸூரின் டேட்டாசென்டர்கள் இருக்கும் வட்டாரம். பிளானும் வீநெட்டும் ஒரே ரீஜனில் இருக்க வேண்டும். நம் ஊரில் இதில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். ஏனென்றால் அஸூரின் சென்ட்ரல் இந்தியா இருப்பது புணேயில், சவுத் இந்தியா இருப்பது சென்னையில், வெஸ்ட் இந்தியா இருப்பது மும்பையில். ஆப்பைப் போட்டவர் ஒருவர், நெட்வொர்க்கை உருவாக்கியவர் இன்னொருவர் என்றால், ஒன்று சென்னையிலும் மற்றொன்று புணேயிலுமாக நிற்கும். இணைக்கும் திரையில் உங்கள் வீநெட் பட்டியலிலேயே வராது. ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். பிளானை ஒரு ரீஜனிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த முடியாது. வீநெட்டைச் சரியான ரீஜனில் புதிதாகப் போடுவதே எளிது. டேட்டாபேஸுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது வேறு ரீஜனில் இருந்தாலும் அதற்கான தனிக் கதவை (பிரைவேட் எண்ட்பாயிண்ட், பின்னால் சொல்கிறேன்) உங்கள் வீநெட்டில் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அனுமதியையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வீநெட்டை வேறு குழு பார்த்துக்கொள்கிறது என்றால், அதன் சப்நெட்டில் (வீநெட்டின் முகவரிகளைப் பிரித்த ஒரு துண்டு) ஆப்பைச் சேர்க்கும் உரிமை உங்கள் கணக்குக்கு வேண்டும். நெட்வொர்க் கான்ட்ரிபியூட்டர் என்ற பங்கு கிடைத்தால் போதும்.

சப்நெட்டுகளைப் பிரித்தல்

இங்கே முதல் கோணல் முற்றும் கோணல். பத்து நிமிடம் அதிகமாகச் செலவிட்டாலும் பரவாயில்லை, காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் போர்ட்டலைத் திறங்கள்.

தனி நெட்வொர்க்குகளுக்கென்று 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் பெரிதாகப் பெரிதாக முகவரிகள் குறையும். இவற்றிலிருந்து எதையும் எடுக்கலாம். ஆனால் 10.0.0.0/16 என்று போர்ட்டல் தானாக நிரப்பித் தருவதை அப்படியே ஏற்காதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவரும் அதையே ஏற்றிருப்பார். நாளை இரண்டு வீநெட்டுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டி வந்தால், முகவரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும், இணைக்க விடாது. அலுவலகத்து நெட்வொர்க்கில் எந்த ரேஞ்ச் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு, அதோடு மோதாத ஒன்றை எடுங்கள். இந்தக் கட்டுரைக்கு 10.20.0.0/16 என்று வைத்துக்கொள்வோம்.

அதற்குள் மூன்று சப்நெட்:

ஆப்புக்கு 10.20.1.0/26
தனிக் கதவுகளுக்கு 10.20.2.0/27
வழக்கமான மெஷின்களுக்கு 10.20.3.0/24

ஆப்புக்கான சப்நெட் ஆப்புக்கு மட்டும்தான். அதை மைக்ரோசாஃப்ட் வெப் சர்வர்ஃபார்ம்ஸ் என்ற சேவைக்கு டெலிகேட் செய்தாக வேண்டும், அதாவது இந்தச் சப்நெட் இந்தச் சேவைக்கே என்று எழுதிக் கொடுப்பது. அப்படிக் கொடுத்த பிறகு வேறு மெஷினையோ டேட்டாபேஸின் தனிக் கதவையோ அதில் வைக்க முடியாது. அதனால்தான் மூன்றாகப் பிரிக்கிறோம்.

ஏன் /26? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அனுமதிக்கப்படும் மிகச் சிறிய அளவு /28. அதில் 16 முகவரிகள். ஒவ்வொரு சப்நெட்டிலும் அஸூர் ஐந்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும்: முதலாவது நெட்வொர்க்குக்கு, அடுத்தது கேட்வேக்கு, அதற்கடுத்த இரண்டு டிஎன்எஸ்ஸுக்கு (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி சொல்லும் சேவை), கடைசி பிராட்காஸ்ட்டுக்கு. மீதி 11. பிளானின் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும், அதாவது ஆப்பை ஓட்டும் ஒவ்வொரு மெஷினுக்கும், ஒரு முகவரி போகும். "நமக்கு ஆறு இன்ஸ்டன்ஸ்தானே, 11 தாராளம்" என்று தோன்றும். ஆனால் பிளானைப் பெரிய அளவுக்கு மாற்றும்போது, புதிய ஆறு இன்ஸ்டன்ஸ்கள் எழுந்து நின்ற பிறகுதான் பழைய ஆறும் விலகும். அந்தச் சில நிமிடங்களுக்கு 12 முகவரி வேண்டும். கையில் இருப்பது 11. தீபாவளி விற்பனைக்கு முந்தின இரவு பிளானைப் பெரிதாக்கப் போய் இங்கே மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் சப்நெட்டைப் பெரிதாக்கவும் முடியாது, உள்ளே ஆப் இருக்கும்போது அளவை மாற்ற விடாது. /26 எடுத்தால் 64-ல் ஐந்து போக 59 கிடைக்கும். தனி முகவரிகளுக்குக் காசு கிடையாது. சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இது அல்ல.

இணைத்தல்

இனி பட்டன்கள். உங்கள் வெப் ஆப்பைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் நெட்வொர்க்கிங் என்பதற்குப் போங்கள். திரை இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும்: உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று. நான் மேலே சொன்ன திசை வேறுபாடு அங்கே கண்ணுக்கு நேராகவே தெரியும். அவுட்பவுண்ட் பக்கத்தில் வர்ச்சுவல் நெட்வொர்க் இன்டக்ரேஷன் என்ற வரி இருக்கும். அதை அழுத்தி, சேர் என்ற பட்டனைத் தட்டி, சப்ஸ்கிரிப்ஷன், வீநெட், சப்நெட் மூன்றையும் தேர்ந்து கனெக்ட் கொடுங்கள். டெலிகேஷனை நீங்கள் முன்பே செய்யாவிட்டால் போர்ட்டலே செய்துகொள்ளும். ஆப் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும்; ஓடிக்கொண்டிருக்கும் ஆப் என்றால் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

சரி, இணைந்ததா? பச்சை அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆப்பின் அட்வான்ஸ்டு டூல்ஸ் வழியாகக் கூடு (Kudu) என்ற நிர்வாகத் திரைக்குப் போய், டீபக் கன்சோலைத் திறந்து, என்விரான்மென்ட் மாறிகளைப் பாருங்கள். வெப்சைட், பிரைவேட், ஐபி என்ற மூன்று சொற்களையும் அடிக்கோட்டால் கோத்துப் பெரிய எழுத்தில் ஒரு மாறி இருக்கும். அதன் மதிப்பு 10.20.1 என்று தொடங்கினால், இந்த இன்ஸ்டன்ஸ் நெட்வொர்க்குக்குள் கால் வைத்துவிட்டது. அந்த மாறியே இல்லை என்றால் மேற்கொண்டு போகாமல் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள்.

இன்டர்நெட்டுக்குப் போகும் அழைப்புகள்

இன்டக்ரேஷன் பக்கத்தில் வெளியே போகும் இன்டர்நெட் டிராஃபிக் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். டிக் இல்லையென்றால், தனி முகவரிகளை நோக்கிப் போகும் அழைப்புகள் மட்டும் வீநெட் வழியாகப் போகும்; மற்றவை பழையபடி ஆப் சர்வீஸின் சொந்த வழியில் போகும். டிக் போட்டால் எல்லாமே வீநெட் வழியாகத்தான்.

எது நல்லது? டேட்டாபேஸ் மட்டும் போதும் என்பவருக்கு டிக் இல்லாமலேயே வேலை நடக்கும். ஆனால் பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ் சேவை, வங்கி ஏபிஐ என்று எதையாவது அழைக்கிறீர்கள், அவர்கள் "உங்க ஐபி-யைக் கொடுங்க, அனுமதிப் பட்டியலில் சேர்க்கணும்" என்று கேட்கிறார்கள் என்றால், டிக் போட்டு, ஆப்பின் சப்நெட்டில் ஒரு நாட் கேட்வே (வெளியே போகும் அழைப்புகளைத் தன் பொது முகவரியில் அனுப்பும் சேவை) வைத்து, அதற்கு ஒரு நிலையான பொது ஐபி கொடுத்துவிடுங்கள். ஆப் சர்வீஸின் சொந்த வெளி முகவரிகள் பல பேருக்குப் பொதுவானவை. பிளானின் அடுக்கை மாற்றினால் அவையும் மாறக்கூடும். இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரணமாக ஓர் இன்ஸ்டன்ஸுக்கு முன்கூட்டி ஒதுக்கப்படும் வெளி இணைப்புப் போர்ட்டுகள் 128. நாட் கேட்வேயில் ஒரு பொது ஐபி-க்கு 64,512. வெளி ஏபிஐ-களை அதிகம் அழைக்கும் ஆப்புகள் நெரிசல் நேரத்தில் காரணம் புரியாமல் டைம்அவுட் ஆவதற்கு அந்த 128 தீர்ந்துபோவது ஒரு காரணம். நாட் கேட்வேக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. தேவை இருந்தால் மட்டும் போடுங்கள்.

டேட்டாபேஸுக்குத் தனிக் கதவு

கொல்லைக் கதவு வைத்தாகிவிட்டது. கிணறு இன்னும் தெருவில்தான் இருக்கிறது. அதை உள்ளே கொண்டுவருவது பிரைவேட் எண்ட்பாயிண்ட்.

அஸூர் எஸ்க்யூஎல் சர்வரின் நெட்வொர்க்கிங் பக்கத்தில், பிரைவேட் அக்சஸ் பகுதியில், புதிய எண்ட்பாயிண்ட் ஒன்றை உருவாக்குங்கள். எந்தச் சப்நெட் என்று கேட்கும், 10.20.2.0/27 என்று நாம் ஒதுக்கியதைக் கொடுங்கள். அந்த ரேஞ்சிலிருந்து ஒரு முகவரி, பெரும்பாலும் 10.20.2.4, டேட்டாபேஸ் சர்வருக்குக் கிடைக்கும். ஐந்து முகவரிகளில் நான்கு தொடக்கத்திலேயே போய்விடுவதால், நமக்குக் கிடைக்கும் முதல் எண் நான்காகத்தான் இருக்கும்.

அதே திரையில் பிரைவேட் டிஎன்எஸ் ஸோனுடன் (உங்கள் நெட்வொர்க்குக்குள் மட்டும் பதில் சொல்லும் பெயர்ப் பட்டியல்) சேர்க்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொல்லுங்கள். இந்த முழு வேலையிலும் முக்கியமான கேள்வி இதுதான், அதனால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டேட்டாபேஸோடு இணைய ஆப் பயன்படுத்தும் வரியான கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் சர்வரின் பெயர் இருக்கிறது. அது டேட்டாபேஸ் டாட் விண்டோஸ் டாட் நெட் என்று முடியும். ஆப் முதலில் அந்தப் பெயருக்கு என்ன ஐபி என்று டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது. எண்ட்பாயிண்ட் உருவானதும் அந்தப் பெயர் நேராக ஐபி-யைத் தராமல், பிரைவேட்லிங்க் என்ற சொல் நடுவில் சேர்ந்த இன்னொரு பெயரைக் கைகாட்டும். அந்த இரண்டாவது பெயருக்குப் பதில் சொல்வது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் வீநெட்டோடு இணைந்த பிரைவேட் டிஎன்எஸ் ஸோன் இருந்தால் அது 10.20.2.4 என்று சொல்லும். இல்லாவிட்டால் பொது டிஎன்எஸ் பதில் சொல்லும். பழைய பொது முகவரியே வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆப் சந்தோஷமாகத் தெரு வழியாகவே போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே கனெக்ஷன் ஸ்ட்ரிங்கைத் தொடாதீர்கள். பெயர் பழைய பெயராகவே இருக்கட்டும். அதில் ஐபி-யை எழுதுவதோ, பிரைவேட்லிங்க் என்ற சொல்லைச் சேர்ப்பதோ கூடாது. சான்றிதழில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாமல் இணைப்பு அறுந்துவிடும்.

பெயரைக் கேட்டுப் பாருங்கள்

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது ஓர் இரவு முழுக்க வீணானது. இன்டக்ரேஷன் பச்சை. எண்ட்பாயிண்ட் அப்ரூவ்டு. டேட்டாபேஸின் பொது அணுகலை மூடினேன், ஆப் விழுந்தது. திறந்தேன், எழுந்தது. மறுபடி மூடினேன், விழுந்தது. எங்கோ ஃபயர்வால் விதி தடுக்கிறது என்று முடிவு கட்டி, என்எஸ்ஜி (சப்நெட்டுக்குள் யார் வரலாம், போகலாம் என்று சொல்லும் பட்டியல்) விதிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியும்போது எந்த விதியை ஏன் மாற்றினேன் என்பதே நினைவில்லை. காலையில் நெட்வொர்க் குழுவிலிருந்த ஒரு அக்கா வந்தார். என் திரையைப் பார்க்கக்கூட இல்லை.

"தம்பி, ரூல் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். அந்தப் பேரு எந்த ஐபி-க்குப் போகுதுன்னு ஆப்புக்குள்ள இருந்து பார்த்தியா?"

"இல்லக்கா. என் லேப்டாப்ல பார்த்தேன்."

"உன் லேப்டாப் கேட்கிற டிஎன்எஸ் வேற, ஆப் கேட்கிறது வேற."

ஆப்புக்குள்ளிருந்து கேட்டோம். பொது முகவரி வந்தது. டிஎன்எஸ் ஸோன் இருந்தது, அதில் பதிவும் இருந்தது. ஆனால் அந்த ஸோன் வேறொரு பழைய வீநெட்டோடு இணைந்திருந்தது, எங்களுடையதோடு இல்லை. ஸோனின் வர்ச்சுவல் நெட்வொர்க் லிங்க்ஸ் பக்கத்தில் எங்கள் வீநெட்டைச் சேர்த்து, ஆப்பை ரீஸ்டார்ட் செய்ததும் வேலை முடிந்தது. அதன் பிறகு நான் இரவெல்லாம் மாற்றிய விதிகளைப் பழையபடி ஆக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் வரிசை: முதலில் பெயர், அப்புறம் வழி, கடைசியில்தான் கதவு.

பெயரைப் பார்க்க, விண்டோஸ் பிளான் என்றால் கூடு கன்சோலில் நேம்ரிசால்வர் என்ற கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டேட்டாபேஸ் சர்வரின் முழுப் பெயரைக் கொடுங்கள். வழக்கமான பிங்கும் என்எஸ்லுக்அப்பும் அங்கே வேலை செய்யாது. அதனால்தான் இந்தத் தனிக் கட்டளை. பதிலில் 10.20.2.4 வந்தால் பெயர் சரி. லினக்ஸ் பிளான் என்றால் எஸ்எஸ்எச் திரையைத் திறந்து என்எஸ்லுக்அப் கொண்டு பார்க்கலாம். அது இல்லையென்றால் நிறுவிக்கொள்ள வேண்டும். கட்டளைகளே வேண்டாம் என்பவர்களுக்கு, டயக்னோஸ் அண்ட் சால்வ் என்ற பகுதியில் நெட்வொர்க் டிரபிள்ஷூட்டர் இருக்கிறது.

பொது முகவரி வந்தால், முதலில் ஸோன் உங்கள் வீநெட்டோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸோனுக்குள் சர்வரின் பெயரில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், வீநெட்டில் யாராவது சொந்த டிஎன்எஸ் சர்வரைக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். அந்தச் சர்வருக்கு உங்கள் ஸோனைப் பற்றித் தெரியாது. தனக்குத் தெரியாத இந்தப் பெயர்களை 168.63.129.16 என்ற அஸூரின் உள் டிஎன்எஸ்ஸுக்கு அது அனுப்பிவைக்கும்படி நெட்வொர்க் குழுவிடம் சொல்லி அமைக்க வேண்டும். டிஎன்எஸ்ஸில் எதை மாற்றினாலும் ஆப்பை ரீஸ்டார்ட் செய்த பிறகே சோதியுங்கள்.

பெயர் சரி என்றால் வழி. டிசிபிபிங் என்ற கட்டளையோடு சர்வர் பெயர், முக்காற்புள்ளி, போர்ட் எண் கொடுங்கள். எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306. இணைந்தது என்று வந்தால் நெட்வொர்க்கின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் ஆப் தகராறு செய்தால் பாஸ்வேர்டையோ உரிமையையோ பாருங்கள்.

எஸ்க்யூஎல் பிழைகளில் 47073 என்ற எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். பொது அணுகல் மூடப்பட்டிருப்பதால் மறுக்கிறேன் என்பது அதன் பொருள். அதைப் பார்த்தால், உங்கள் ஆப் இன்னும் பொது முகவரிக்குத்தான் போகிறது. திரும்பப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.

உள்ளே இருக்கும் பழைய மெஷின்

பல இடங்களில் டேட்டாபேஸ் மட்டும் இருக்காது. சரக்குக் கணக்கு வைக்கும் பழைய மென்பொருள் ஒன்று 10.20.3.10 என்ற மெஷினில், 8080 போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே பெயர்ச் சிக்கல் இல்லை, ஐபி-யையே நேராகக் கொடுக்கலாம். சிக்கல் கதவில்.

அந்த மெஷினின் சப்நெட்டுக்குரிய என்எஸ்ஜியில், 10.20.1.0/26-லிருந்து 8080-க்கு வரலாம் என்று உள்வரும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பின் சப்நெட்டில் உள்வரும் விதி எழுதிப் பயனில்லை, அங்கிருந்து வெளியே போவது மட்டுமே நடக்கிறது. என்எஸ்ஜி திறந்திருந்தும் டிசிபிபிங் போகவில்லை என்றால், மெஷினுக்குள் விண்டோஸ் ஃபயர்வாலோ லினக்ஸ் ஃபயர்வாலோ தடுக்கலாம். அதுவும் இல்லை என்றால், மென்பொருள் 127.0.0.1-ல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். அதே மெஷினில் பிரவுசரைத் திறந்தால் வரும், வெளியிலிருந்து வராது. அதன் கான்ஃபிக்கில் 0.0.0.0 என்றோ மெஷினின் சொந்த ஐபி என்றோ மாற்ற வேண்டும். இதை நான் இரண்டு மூன்று இடங்களில் பார்த்துவிட்டேன்.

பொது வாசலை மூடுதல்

எல்லாம் உள்வழியாக ஓடுகிறது என்று நேம்ரிசால்வரும் டிசிபிபிங்கும் சொன்ன பிறகுதான், டேட்டாபேஸ் சர்வரின் நெட்வொர்க்கிங் பக்கத்தில் பொது நெட்வொர்க் அணுகலை டிசேபிள் செய்ய வேண்டும். அவசரப்பட்டு முதலில் மூடாதீர்கள். மூடாமல் விட்டுவிடவும் வேண்டாம். எண்ட்பாயிண்ட் வைப்பதால் பொது வாசல் தானாக மூடாது. இதுவரை செய்த எல்லாம் இந்த ஒரு படிக்காகத்தான்.

மூடும் முன் ஒரு பட்டியல் எடுங்கள்: இந்த டேட்டாபேஸுக்கு வேறு யார் யார் வருகிறார்கள்? உங்கள் லேப்டாப்பிலிருந்து மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ வழியாக நீங்கள் வருவீர்கள். மாதாந்திர அறிக்கை எடுக்கும் கணக்குப் பிரிவுக்காரர் எக்செல் வழியாக வருவார். கிட்ஹப்பின் பொது ரன்னரில் (டிப்ளாய்மென்ட்டை ஓட்டித் தரும் மெஷின்) ஓடும் டிப்ளாய்மென்ட், டேட்டாபேஸ் மைக்ரேஷனுக்காக வரும். மூடிய மறுநிமிடம் இவை எல்லாம் நின்றுவிடும். ஆப் நன்றாக ஓடுவதால் உங்களுக்குத் தெரியாது. அடுத்த டிப்ளாய்மென்ட் அன்றோ மாதக் கடைசியிலோதான் தெரியவரும். மனிதர்களுக்கு விபிஎன் வழியோ, வீநெட்டுக்குள் ஒரு மெஷின் வைத்து அஸூர் பாஸ்டியன் வழியாக அதில் நுழைவதோ சரிவரும். டிப்ளாய்மென்ட்டுக்கு வீநெட்டுக்குள்ளேயே ஒரு ரன்னர் வேண்டும். இந்த ஏற்பாடுகள் தயாரான பிறகு மூடுங்கள்.

மிச்சமிருக்கும் சில

ஸ்டேஜிங் ஸ்லாட் (புதிய பதிப்பைச் சோதிக்க வைக்கும் ஆப்பின் இரண்டாவது நகல்) வைத்திருக்கிறீர்களா? இன்டக்ரேஷன் ஸ்லாட்டோடு இடம் மாறாது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். புரொடக்‌ஷனில் மட்டும் போட்டுவிட்டு, ஸ்டேஜிங் ஏன் டேட்டாபேஸைக் காணாமல் தவிக்கிறது என்று குழம்ப வேண்டாம்.

ஆப்பின் தெரு வாசலையும் மூட வேண்டும், அலுவலகத்தார் மட்டும் திறக்க வேண்டும் என்றால், வெப் ஆப்புக்கும் ஒரு பிரைவேட் எண்ட்பாயிண்ட் போடலாம். அதுவும் 10.20.2.0/27-ல்தான் உட்காரும், ஆப்பின் சப்நெட்டில் உட்காராது. அதற்கென்று தனி டிஎன்எஸ் ஸோன் உண்டு. பொது அணுகலை மூடினால் கூடு திரையும் வெளியிலிருந்து திறக்காது, டிப்ளாய்மென்ட்டும் அதே வழியில் போவதால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செலவு: வீநெட்டுக்கும் இன்டக்ரேஷனுக்கும் தனிக் கட்டணம் இல்லை. பிரைவேட் எண்ட்பாயிண்ட்டுக்கு மணிக்கணக்கிலும், கடந்துபோகும் டேட்டாவின் அளவிலும் கட்டணம் உண்டு. சோதனைக்குப் போட்டதை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போதும் வரிசை உண்டு. வீநெட்டையோ சப்நெட்டையோ நேராக அழிக்கப் போனால், உள்ளே ஆள் இருக்கிறது என்று மறுக்கும். முதலில் வெப் ஆப்பின் நெட்வொர்க்கிங் பக்கத்துக்குப் போய், ஸ்லாட்டுகள் உட்பட ஒவ்வொன்றிலும் இன்டக்ரேஷனை டிஸ்கனெக்ட் செய்யுங்கள். அடுத்து எண்ட்பாயிண்ட்டுகள், அப்புறம் டிஎன்எஸ் ஸோனில் உள்ள வீநெட் லிங்க், அதன் பிறகு சப்நெட், கடைசியாக வீநெட். ஆப்பை முதலில் அழித்துவிட்டுப் பிறகு சப்நெட்டுக்கு வராதீர்கள்.